நேரா போனா ஓடுது, திரும்பினா நிக்குதா? மாடல் ரயில் 'பாயின்ட்'டில் கரன்ட் கோளாறைப் பிடிக்கும் வழி!

வட்டத் தண்டவாளத்தில் மாடல் ரயில் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும். 'ஒரு பாயின்ட் வாங்கிப் போட்டு, பக்கத்துல ஒரு ஸ்டேஷன் லைன் இழுத்துடலாம்' என்று ஆசைப்பட்டு இணைத்த அன்றிலிருந்துதான் தலைவலி ஆரம்பிக்கும். பாயின்ட்டின் நடுவில் வந்ததும் இன்ஜின் நின்றுவிடும். விரலால் லேசாகத் தள்ளினால் ஓடும். இல்லையென்றால், பாயின்ட்டை மாற்றிய அந்த நொடியே மொத்த லைனும் செத்துப்போய், கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரியும்.

முதல் சந்தேகம் இன்ஜின் மேல் விழும். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, மறுபடி மாட்டத் தெரியாமல் முழிப்பது ஒரு ரகம். 'பாயின்ட்டே டூப்ளிகேட் போல' என்று புதுசாக இன்னொன்று ஆர்டர் போடுவது இன்னொரு ரகம். பிரிட்டனின் பீக்கோ, ஹார்ன்பி, ஜப்பானின் காட்டோ எல்லாம் நம் தெருமுனைக் கடையில் கிடைக்கிற சமாசாரம் இல்லை. கூரியர், கஸ்டம்ஸ் என்று காத்திருந்து, வந்ததை அதே இடத்தில் மாட்டினால், அதுவும் அதே மாதிரி நிற்கும். ஏனென்றால், பல நேரம் கோளாறு பாயின்ட்டில் இல்லை, அதற்குக் கரன்ட் கொடுத்த விதத்தில் இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க எலெக்ட்ரிக்கல் டிப்ளோமா எல்லாம் வேண்டாம். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

பாதை மட்டுமல்ல, அது ஒரு சுவிட்ச்

ஒரு லைன் இரண்டாகப் பிரியும் இடத்துக்குத்தான் 'பாயின்ட்' என்று பெயர். நம் ரயில்வேயில் 'பாயின்ட்ஸ்மேன்' என்று ஒரு வேலையே இருக்கிறதே, அதே பாயின்ட்தான். அமெரிக்காவில் 'டர்ன்அவுட்' அல்லது 'சுவிட்ச்' என்பார்கள். மாடல் ரயிலைப் பொறுத்தவரை, சுவிட்ச் என்ற பெயர்தான் இன்னும் பொருத்தம். ரயிலை மட்டுமல்ல, கரன்ட்டையும் இதுதான் திருப்பிவிடுகிறது.

ஹெச்ஓ, ஓஓ, என் ஸ்கேல் மாடல்களில் பெரும்பாலானவை இரண்டு தண்டவாள முறையில் ஓடுபவை. ஒரு தண்டவாளம் பிளஸ், இன்னொன்று மைனஸ். சக்கரங்கள் வழியாக மோட்டாருக்குக் கரன்ட் ஏறுகிறது. நேர்ப்பாதையில் இதில் சிக்கலே இல்லை. இரண்டு கோடும் சந்திக்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

பாயின்ட்டில் அப்படி முடியாது. இடதுபக்கம் பிரியும் ஒரு பாயின்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நேர்ப்பாதையின் இடது தண்டவாளமும், பிரியும் பாதையின் வலது தண்டவாளமும் ஓர் இடத்தில் ஒன்றையொன்று வெட்டித்தான் ஆக வேண்டும். கூரான 'வி' வடிவத்தில் இருக்கும் அந்த இடத்துக்கு 'ஃப்ராக்' என்று பெயர். தவளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குதிரைக் குளம்பின் அடியில் 'வி' வடிவில் ஒரு பகுதி இருக்கும், அதன் பெயரும் ஃப்ராக். அந்த ஜாடையில்தான் இந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

இப்போது கேள்வி... அந்த ஃப்ராக் பிளஸ்ஸா, மைனஸா? ரயில் நேராகப் போகும்போது அது இடது தண்டவாளத்தின் பக்கம் இருக்க வேண்டும். திரும்பும்போது வலது பக்கத்துக்குக் கட்சி மாற வேண்டும். பாயின்ட் வயரிங் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்தக் கட்சித் தாவல் சரியாக நடக்காததால் வருவதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இந்தப் பிரச்னையைத் தயாரிப்பாளர்கள் இரண்டு விதமாகச் சமாளிக்கிறார்கள். பீக்கோவின் 'இன்சுல்ஃப்ராக்' வகையில் ஃப்ராக்கின் முனை பிளாஸ்டிக். கரன்ட்டே கிடையாது, அதனால் சண்டையும் கிடையாது. ஆனால், அந்தச் சின்ன இடைவெளியில் குட்டி இன்ஜின்களுக்குக் கரன்ட் கிடைக்காது. 'எலெக்ட்ரோஃப்ராக்' வகையில் ஃப்ராக் முழுக்க உலோகம். சின்ன இன்ஜின்கூட நிற்காமல் போகும், ஆனால் வயரிங்கைச் சரியாகச் செய்தாக வேண்டும். பீக்கோவின் புதிய 'யூனிஃப்ராக்' இரண்டுக்கும் நடுவில். சின்ன உலோக ஃப்ராக், வாங்கும்போது கரன்ட் இல்லாமல் இருக்கும். அதிலிருந்து வரும் ஒயருக்கு இணைப்பு கொடுத்தால் உயிர் வரும்.

உங்களிடம் இருப்பது எது? டப்பா தொலைந்துவிட்டது என்றால், 'வி' முனையைப் பாருங்கள். முனை வரை உலோகம் என்றால் எலெக்ட்ரோஃப்ராக். கறுப்பு பிளாஸ்டிக் தெரிந்தால் இன்சுல்ஃப்ராக்.

ஹேக்கர்களே மண்டையை உடைத்த இடம்!

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1940-களில் தொடங்கிய மாணவர் சங்கம் ஒன்று இருக்கிறது. பெயர் 'டெக் மாடல் ரெயில்ரோடு கிளப்'. அதில் ஒரு கோஷ்டிக்கு மேஜை மேலே இருக்கும் மலை, ஸ்டேஷன், மரம் இதிலெல்லாம் ஆர்வம். இன்னொரு கோஷ்டி மேஜைக்கு அடியிலேயே குடியிருந்தது. 'சிக்னல்ஸ் அண்ட் பவர்' குழு என்று பெயர். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ரிலேக்களை வைத்து, எந்த ரயிலுக்கு எந்த வழியாகக் கரன்ட் போவது என்று ஒயர்க் காட்டையே வளர்த்து வைத்திருந்தார்கள்.

இவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட சொற்களை பீட்டர் சாம்ஸன் என்ற மாணவர் 1959-ல் ஒரு குட்டி அகராதியாகத் தொகுத்தார். அதில் இருந்த சொற்களில் ஒன்று 'ஹேக்'. இவர்களில் பலர் அப்படியே கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்தார்கள். ஹேக்கர்களின் வரலாற்றை 1984-ல் புத்தகமாக எழுதிய ஸ்டீவன் லெவி, கதையைத் தொடங்குவதே இந்த ரயில் கிளப்பிலிருந்துதான். ஆக, மேஜைக்கு அடியில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒயர் தேடுவது ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

தொடங்கும் முன்...

ஒரே ஒரு கறாரான விதி. தண்டவாளத்துக்கு வருவது 12 வோல்ட் அளவிலான கரன்ட், அதைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால், அடாப்டருக்குள் 230 வோல்ட் இருக்கிறது. அடாப்டரையோ, கன்ட்ரோலரின் மெயின்ஸ் பகுதியையோ திறக்காதீர்கள். கருகல் வாசனை வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வேறு அடாப்டர் வாங்குவதுதான் ரிப்பேர்.

மல்டிமீட்டர் ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான இடங்களில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். 'பீப்' ஒலி எழுப்பும் கன்டினியூட்டி வசதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். கூடவே மெக்கானிக் கடையில் 12 வோல்ட், 5 வாட் பார்க்கிங் பல்பு ஒன்று. இது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

பாயின்ட்டை மாற்றியதும் ஷார்ட் ஆகிறதா?

இதுதான் அதிகம் பயமுறுத்தும் கோளாறு. ஆனால், காரணம் தெரிந்துவிட்டால் மிக எளிதாகத் தீர்வதும் இதுதான்.

வழக்கமான காட்சி இப்படி இருக்கும். வட்ட லைனில் இரண்டு எலெக்ட்ரோஃப்ராக் பாயின்ட்களைப் போட்டு, நடுவில் ஒரு லூப் லைன். இரண்டு பாயின்ட்களும் நேர்ப்பாதைக்கு இருந்தால் ரயில் ஓடுகிறது. இரண்டையும் லூப்புக்குத் திருப்பினாலும் ஓடுகிறது. ஒன்றை மட்டும் திருப்பினால் ஷார்ட். "சில நேரம் வேலை செய்யுது, சில நேரம் செய்யல" என்று புலம்புவது இதைத்தான்.

நடப்பது என்னவென்றால், எலெக்ட்ரோஃப்ராக்கில் இரண்டு பிளேடுகளும் ஃப்ராக்கும் மின்சாரக் கணக்கில் ஒரே துண்டு. எந்தப் பிளேடு வெளித்தண்டவாளத்தைத் தொடுகிறதோ, அந்தப் பக்கத்துக் கரன்ட் முழு ஃப்ராக்குக்கும் வந்துவிடும். லூப்பின் உள்பக்கத் தண்டவாளங்கள் இந்த ஃப்ராக்கையும் அந்த ஃப்ராக்கையும் நேராக இணைக்கின்றன. ஒரு பாயின்ட் நேராக, இன்னொன்று திரும்பி இருந்தால், ஒரு முனையில் பிளஸ், மறுமுனையில் மைனஸ். நடுவில் நல்ல கனமான உலோகத் தண்டவாளம். ஷார்ட் ஆகாமல் என்ன செய்யும்?

தீர்வு, சில ரூபாய் பிளாஸ்டிக். ஃப்ராக்கிலிருந்து வெளியே போகும் இரண்டு உள்தண்டவாளங்களிலும் உலோக ஜாயினரைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் ஜாயினர் போட வேண்டும். இரண்டிலும்! ஒன்றில் மட்டும் போட்டுவிட்டு 'அப்பவும் ஷார்ட் ஆகுதே' என்று கேட்கக் கூடாது. அப்படித் துண்டித்த பிறகு, ஃப்ராக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் லைனுக்குத் தனியாக ஒயர் இறக்கிக் கரன்ட் கொடுக்க வேண்டும். இதை மறந்தால், ஷார்ட் போய், 'லூப்ல கரன்ட்டே இல்ல' என்ற அடுத்த பிரச்னை வந்து நிற்கும்.

ஜாயினர் எல்லாம் சரி, ஆனாலும் ஷார்ட் என்றால்? கன்ட்ரோலர் ஒயரைக் கழற்றுங்கள். இன்ஜினையும் விளக்கு வைத்த பெட்டிகளையும் லைனிலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் மோட்டார் வழியாகவே மீட்டர் பொய்யாக 'பீப்' அடிக்கும். இப்போது இரண்டு தண்டவாளத்திலும் மீட்டரின் முனைகளை வையுங்கள். 'பீப்' வந்தால் ஷார்ட் எங்கேயோ இருக்கிறது. எங்கே என்று தெரிய, லேஅவுட்டைப் பாதியாகப் பிரியுங்கள். எந்தப் பாதி கத்துகிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். பெரிய லேஅவுட்டில்கூட ஐந்தாறு பிரிப்பில் குற்றவாளியின் வீட்டு வாசலுக்கே போய்விடலாம். பல சமயம் அங்கே இருப்பது, சால்டர் செய்தபோது சிந்திய ஒரு துளி ஈயமாகவோ, தண்டவாளத்தின் குறுக்கே விழுந்த ஒற்றை ஆணியாகவோ இருக்கும்.

இன்னொரு ரகமும் உண்டு. பாயின்ட்டை மாற்றும்போது ஒன்றும் ஆகாது, இன்ஜினின் சக்கரம் ஃப்ராக்கைத் தொட்டதும் 'டப்' என்று எல்லாம் நிற்கும். ஃப்ராக்குக்குத் தனி சுவிட்ச் வைத்து வயரிங் செய்தவர்களுக்கு வருவது இது. கட்சி மாற்றம் தலைகீழாக நடக்கிறது என்று அர்த்தம். சுவிட்ச்சின் நடுக்கால் ஃப்ராக்குக்குப் போகும், ஓரத்துக் கால்கள் இரண்டும் இரண்டு தண்டவாளங்களுக்கு. ஓரத்து ஒயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் முடிந்தது வேலை.

பாயின்ட் மேல் போகும்போது பளிச்சென்று பொறி மட்டும் வருகிறதா? இன்சுல்ஃப்ராக்கில், 'வி' முனையில் எதிரெதிர் கரன்ட் உள்ள இரண்டு தண்டவாளங்கள் மிக நெருக்கமாக வரும். இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கரன்ட் கொடுத்திருந்தால், அகலமான சக்கரம் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டுவிடும். இதற்கு உலகம் முழுக்க மாடல் ரயில்காரர்கள் பயன்படுத்தும் மருந்து, நிறமில்லாத நெயில் பாலிஷ். அந்த இடத்தில் தண்டவாளத்தின் மேல்பக்கம் சில மில்லிமீட்டருக்கு ஒரு பூச்சு. தேய்ந்தால் மறுபடி ஒரு பூச்சு. வீட்டில் யாரிடம் கடன் கேட்பது என்பது உங்கள் சாமர்த்தியம்.

ஷார்ட் இல்லை... ஆனால் ரயில் நிற்கிறது!

முதலில் ஒரு விஷயம். பாயின்ட் எந்தப் பக்கம் திரும்பவில்லையோ, அந்தப் பக்க லைனில் ரயில் ஓடவில்லை என்றால் அது கோளாறே இல்லை. இன்சுல்ஃப்ராக், எலெக்ட்ரோஃப்ராக் இரண்டுமே திறந்த வழிக்கு மட்டும் கரன்ட் கொடுக்கும் வகை. ஓரத்து லைனில் ஒரு ரயிலை நிறுத்திவைத்துவிட்டு மெயின் லைனில் இன்னொன்றை ஓட்ட, இது ஒரு இலவச வசதி.

திறந்த வழியிலும் ஓடவில்லை என்றால் பிளேடைக் கவனியுங்கள். பாயின்ட்டைத் தாண்டிப் போகும் கரன்ட் முழுக்க, அந்த மெல்லிய பிளேடு வெளித்தண்டவாளத்தைத் தொடும் ஒரே ஒரு இடத்தை நம்பி இருக்கிறது. அங்கே ஒரு துளி தூசி, பெயின்ட், பசை போதும். கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றும் தன் பங்குக்குப் படலம் கட்டும். ஒரு பல்குச்சியால் பிளேடை வெளித்தண்டவாளத்தோடு அழுத்திப் பிடியுங்கள். ரயில் உடனே கிளம்பினால், நோய் இதுதான். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டை இடுக்கில் விட்டு இழுத்தால் கறுப்பாக அழுக்கு வரும். மணல்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். கீறல்களில் அழுக்கு இன்னும் சீக்கிரம் குடியேறும்.

இது தற்காலிக வைத்தியம்தான். என்னைக் கேட்டால், எலெக்ட்ரோஃப்ராக் வைத்திருப்பவர்கள் பிளேடை நம்புவதையே விட்டுவிடலாம். பாயின்ட் மோட்டாரோடு சேர்ந்து மாறும் ஒரு சின்ன சுவிட்ச் வழியாக ஃப்ராக்குக்கு நேரடியாகக் கரன்ட் கொடுத்துவிட்டால், பிளேடு வெறும் பாதை காட்டும் வேலையை மட்டும் பார்க்கும்.

பாயின்ட்டைத் தாண்டியதும் ரயில் நிற்காமல், சோர்ந்துபோய் ஊர்கிறதா? இங்கேதான் அந்த 5 வாட் பல்பு வருகிறது. மல்டிமீட்டரை மட்டும் வைத்துப் பார்த்தால், மோசமான இணைப்பிலும் முழு 12 வோல்ட் காட்டும். மீட்டர் எடுத்துக்கொள்ளும் கரன்ட் மிக மிகக் குறைவு என்பதால் அதற்குத் தடை தெரியாது. பல்பைத் தண்டவாளத்தின் குறுக்கே இணைத்தால் கிட்டத்தட்ட ஓர் இன்ஜின் அளவுக்கு, அதாவது சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். இப்போது பாயின்ட்டுக்கு முன்னும் பின்னும் வோல்ட் அளந்து பாருங்கள். முன்னே 11, பின்னே 7 என்றால் நடுவில் ஒரு ஜாயினர் தூங்குகிறது. உலோக ஜாயினர்கள் தண்டவாளங்களை நேராகப் பிடித்து வைக்கத்தான் லாயக்கு. கரன்ட் கடத்த அவற்றை நம்பாமல், ஒவ்வொரு துண்டுக்கும் கீழேயிருந்து ஓர் ஒயர் கொடுத்துவிடுவது நல்லது. சால்டர் வைக்கும்போது தண்டவாளத்தில் அதிக நேரம் சூடு காட்டினால் பிளாஸ்டிக் ஸ்லீப்பர்கள் உருகும். இரும்பு நன்றாகச் சூடாக இருக்கட்டும், தொடும் நேரம் குறைவாக இருக்கட்டும்.

மோட்டார் உறுமுது, நகரமாட்டேங்குது...

பாயின்ட்டை விரலால் மாற்றுபவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மோட்டார் வைத்தவர்கள் முதலில் அது எந்த வகை என்று பாருங்கள்.

பீக்கோவின் பி.எல்-10 மாதிரியான சோலனாய்டு மோட்டாரில் இரண்டு காயில்கள். ஒன்று இந்தப் பக்கம் இழுக்கும், மற்றது அந்தப் பக்கம். இதற்குத் தேவை ஒரு நொடிக்கும் குறைவான அடி. பட்டன் ஒட்டிக்கொண்டு கரன்ட் தொடர்ந்து போனால் காயில் சூடாகிக் கருகிவிடும். அதனால் சாதாரண ஆன்-ஆஃப் சுவிட்ச்சை இதற்கு ஒருபோதும் போடாதீர்கள். 'கட்'டென்று அடிக்காமல் 'ர்ர்' என்று உறுமினால், மெல்லிய நீள ஒயர், பலவீனமான சப்ளை, அல்லது மோட்டார் கோணலாக மாட்டப்பட்டது ஆகியவற்றில் ஒன்று. கெப்பாசிட்டரில் கரன்ட்டைச் சேமித்து ஒரே அடியாகக் கொடுக்கும் சி.டி.யு. என்ற சின்ன சர்க்யூட்டைச் சேர்த்தால் அடி பலமாகும். பட்டன் ஒட்டிக்கொண்டாலும் காயில் பிழைத்துக்கொள்ளும். சோலனாய்டு வைத்தவர்களுக்கு இது ஆடம்பரம் இல்லை, இன்ஷூரன்ஸ்.

ஒரு பக்கம் மட்டும் மாறவில்லை என்றால், பட்டன்களில் இருக்கும் இரண்டு ஒயர்களை இடம் மாற்றுங்கள். இப்போதும் பாயின்ட் அதே பக்கம்தான் நகர மறுக்கிறதா? ஒயரிலோ காயிலிலோ கோளாறு. நகராத பக்கம் மாறிவிட்டதா? பட்டன்தான் திருடன். காயிலை மீட்டரின் ஓம் அளவில் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, சில ஓம்கள் காட்ட வேண்டும். ஒன்றில் எதுவுமே காட்டவில்லை என்றால் அது கருகிவிட்டது, அல்லது ஒயர் நுனி அறுந்திருக்கிறது.

'டார்ட்டாய்ஸ்' போன்ற மெதுவாக நகரும் மோட்டார்கள் வேறு ஜாதி. இவற்றுக்கு 12 வோல்ட் டி.சி. எப்போதும் கொடுத்தே வைக்கலாம், பிளஸ் மைனஸை மாற்றினால் திசை மாறும். இதில் சி.டி.யு.வை இணைக்கக் கூடாது. காட்டோவின் யூனிட்ராக் பாயின்ட்டில் மோட்டார் உள்ளேயே இருக்கும், இரண்டே ஒயர். அதற்கும் கரன்ட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் மாறும். சோலனாய்டுக்கான மூன்று ஒயர் படத்தை யூடியூபில் பார்த்து இதற்கு மாட்ட முயல வேண்டாம்.

டிஜிட்டல் முறையில் ஓட்டுபவர்களுக்கு...

டி.சி.சி. எனப்படும் டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழுக் கரன்ட் இருக்கும். பழைய டி.சி. கன்ட்ரோலரில் ஒரு சின்னப் பொறியாகக் கடந்துபோன ஷார்ட், இங்கே எல்லா ரயில்களையும் ஒரே அடியில் நிறுத்தும். அது எரிச்சல்தான், ஆனால் பாதுகாப்பு. நிறுத்தாமல் இருந்தால்தான் ஆபத்து. பல ஆம்பியர் கரன்ட் ஒரு பாயின்ட் வழியே தொடர்ந்து பாய்ந்தால், பிளாஸ்டிக் உருகும், சக்கரம் கருகும்.

அதைச் சோதிக்க ஒரு ரூபாய் நாணயம் போதும். ஹெச்ஓ, ஓஓ இரண்டிலும் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ., நாணயம் தாராளமாக எட்டும். ஒவ்வொரு பாயின்ட்டைத் தாண்டியும் தண்டவாளங்களின் குறுக்கே நாணயத்தை ஒரு நொடி வையுங்கள். சிஸ்டம் உடனே டிரிப் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் நாணயத்தைச் சட்டென்று எடுத்துவிடுங்கள். அந்த இடத்துக்குப் போகும் ஒயர் மெல்லியது, அல்லது இணைப்பு மோசம். அதைச் சரிசெய்யும் வரை அங்கே ரயிலை விடாதீர்கள்.

ஒரு லைன் வளைந்து திரும்பி வந்து தன்னையே சந்திக்கும்படி போட்டிருந்தால், எந்தப் பாயின்ட் போட்டாலும் ஷார்ட் ஆகும். இடது தண்டவாளம் சுற்றிவந்து வலதோடு சேருகிறது, அவ்வளவுதான். சுற்றின் இரண்டு முனைகளிலும் பிளாஸ்டிக் ஜாயினர் போட்டு, அந்தப் பகுதிக்கு மட்டும் ஆட்டோ ரிவர்ஸர் வைக்க வேண்டும். டி.சி.யில் என்றால் கையால் திருப்பும் சுவிட்ச் போதும்.

எல்லாம் சரியாகி, ஸ்லீப்பர்களுக்கு நடுவே குட்டி ஜல்லி கொட்டி ஒட்டும் நாள் வரும். பசையோடு பிளேடுப் பக்கம் போகும் முன், ஒவ்வொரு ஒயரிலும் ஒரு துண்டு டேப் சுற்றி எங்கே போகிறது என்று எழுதி, மேஜைக்கு அடியில் போனை நீட்டி நாலு போட்டோ எடுத்து வையுங்கள். பிளேடுகளும் அவற்றை நகர்த்தும் குறுக்குச் சட்டமும் இருக்கும் இடத்தில் பசையே வேண்டாம், ஜல்லியை உலர்வாக நாலைந்து மணிகள் மட்டும் தூவினால் போதும். பசை காயும் வரை அரைமணிக்கு ஒருமுறை பாயின்ட்டை இப்படியும் அப்படியும் மாற்றிக்கொண்டே இருங்கள்.